மீன்கொத்திக்கு எழுந்த கைகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருமுறை, உள்ளூர்ப் பறவைகளைப் பற்றிய ஒரு சிறு புத்தகத்தை உரக்க வாசிப்போம். ஒவ்வொரு பெயர் வந்ததும், அந்த மாதம் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் கை தூக்க வேண்டும். ஒரு கைகூட எழாவிட்டால் அந்தப் பெயரின் மேல் நான் பென்சிலால் கோடு போட வேண்டும். நாங்களே வைத்துக்கொண்ட விதிதான். ஆனால் மூன்று வருடமாக ஒரு கோடுகூட விழவில்லை. மின்கம்பம் ஏறும் வேலை பார்க்கிற சவரிராயன் எல்லாப் பெயருக்கும் கை தூக்கிவிடுவார். கோடு விழக் கூடாதென்று பொய் சொல்கிறார் என்றே நினைத்தோம். அவர் கை எழும்போதெல்லாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம்.

நேற்று, மீன்கொத்தி என்று வாசித்தேன். யாரும் அசையவில்லை. சவரிராயனின் கை மடியிலேயே கிடந்தது.

"என்னண்ணே, தூக்கலியா?" என்றாள் பூங்கோதை.

"ஊர்க் குளத்தத்தான் மண்ணு கொட்டி மூடிட்டாங்களேம்மா. எந்தக் கம்பத்துல ஏறினாலும் ஒண்ணுகூடக் கண்ணுல படல. இதுவரைக்கும் பாத்துட்டுத்தான் தூக்குனேன்."

பென்சில் முனையை அந்தப் பெயரின் மேல் வைத்தேன். இழுக்க மனம் வரவில்லை. அப்போது பூங்கோதை மெதுவாகக் கை தூக்கினாள். அவளைப் பார்த்து இன்னொருவர். பிறகு எல்லாரும். கடைசியில் பென்சிலோடு என் கையும் எழுந்தது.

சவரிராயன் எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.