புதுப் போர்ட்டின் நிபந்தனை

ஒரு மெக்கானிக்கல் கீபோர்டில் கேபிள் செருகும் யுஎஸ்பி போர்ட் உடைந்துபோக, அதைப் பெயர்த்துவிட்டு, புதிதாக ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். சூடு ஆறுவதற்குள் புதுப் போர்ட் கேட்டது: "எனக்கு முன்னாடி இருந்தவளுக்கு என்ன ஆச்சு?"

"பாவம், பலவீனமான உடம்பு," என்றது ஸ்பேஸ் பட்டன்.

"நான் கொஞ்சம் கோணலாத்தான் வருவேன். அவளுக்கு அனுசரிச்சுப் போகத் தெரியலை," என்றது கேபிள். "நீயாவது பார்த்து நடந்துக்கோ, தங்கச்சி."

போர்ட்டுக்குச் சுருக்கென்றது. "கோணலா வந்தா உள்ளே விடமாட்டேன் அண்ணே. வெளியிலேயே தொங்குங்க."

பட்டன்களுக்குப் பகீரென்றது. கரண்ட் வராவிட்டால் எல்லோருக்கும் குப்பைத்தொட்டிதானே! "ஏம்மா, வந்த அன்னைக்கே இந்த வாயா?" என்று ஸ்பேஸ் பட்டன் பதறியது. போர்ட் அசையவில்லை.

கேபிள் முறைத்தது, முனகியது, பிறகு நேராக வந்து நுழைந்தது. பட்டன்களெல்லாம் பளிச்சென்று எரிந்தன.

எஸ்கேப் பட்டன் மட்டும் மெல்லக் கேட்டது: "அப்போ அண்ணனுக்கு நேரா வரத் தெரிஞ்சுதான் இருந்துதா?"