கேள்வி கேட்கிற கடை

"நாள் தள்ளிப் போடற மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

தேவிப்ரியா கேட்டதும் தேரடி வீதி மருந்துக்கடை திரௌபதி நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருக்கு?"

"என் தம்பி பொண்டாட்டிக்கு. இதோ நிக்கறாளே, அபிநயா. வெள்ளிக்கிழமை என் பொண்ணுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில குழந்தை, மாமி கையில சீர்த்தட்டு. இவளுக்கு வியாழக்கிழமை நாள். கோயிலுக்குள்ள வரலைன்னா எப்படி?"

திரௌபதி மாத்திரையை எடுக்கவில்லை.

"போன மாசம் சரியா வந்துச்சா?"

அபிநயா தலையை மட்டும் ஆட்டினாள். பக்கத்தில் மூணு ஆம்பளைங்க. தரையைத்தான் பார்க்க முடிந்தது.

"முந்தாநாள் வயித்தைப் புரட்டுதுன்னு கேஸ் மாத்திரை வாங்கினது நீதானே?"

"ஆமாங்க."

"தூக்கம் ஜாஸ்தியா வருதா?"

"கொஞ்சம்."

"நாள் நெருங்கினா எல்லாப் பொம்பளைக்கும் அப்படித்தாங்க இருக்கும்." தேவிப்ரியா குரலை உயர்த்தினாள். "மாத்திரை இருக்கா, இல்லையா?"

பின்னால் நின்றவர் சிரித்தார். "இந்தக் கடையில தலைவலி மாத்திரைக்கே ஜாதகம் கொண்டாரணும்மா!"

பக்கத்து டீக்கடையில் வடை போட ஆரம்பித்தார்கள். எண்ணெய் வாசனை வந்ததும் அபிநயா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

திரௌபதி அதைப் பார்த்தாள். உள்ளே போனாள். ஒரு காக்கிக் கவரைப் பின் அடித்துக் கொண்டுவந்து அபிநயா கையில் வைத்தாள்.

"காலையில எழுந்ததும், வெறும் வயித்துல. அதுக்கு முன்னாடி உள்ள இருக்கற சீட்டைப் படி."

வழியெல்லாம் தேவிப்ரியா பொரிந்து தள்ளினாள். "புள்ளகுட்டி இல்லாதவ. அதான் அடுத்த வீட்டு விசேஷம்னா எரியுது. நாலு பேர் முன்னாடி கேக்கற கேள்வியா அது?"

அபிநயாவுக்கும் கோபம்தான். கல்யாணமாகி ரெண்டு வருஷம். போன வருஷம் அஞ்சு நாள் தள்ளிப் போனதுக்கே தேவிப்ரியா அண்ணி கீழ்பென்னாத்தூர் சொந்தம் பூரா போன் போட்டுச் சொல்லிட்டா. ஆறாம் நாள் எல்லாம் முடிஞ்சுபோச்சு. அதிலிருந்து உடம்பு என்ன சொன்னாலும் அபிநயா நம்புவதில்லை.

வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்தாள். மாத்திரை இல்லை. கர்ப்பம் பார்க்கிற கார்டு ரெண்டு. ஒரு சீட்டு.

'மாத்திரை போடறதுக்கு முன்னாடி காலையில இதுல பார்த்துடும்மா. ஒரு கோடுதான் வந்தா, நாள் தாண்டினப்புறம் இன்னொண்ணுல பாரு. மார் வலி இருக்கான்னு கேக்கணும்னு நினைச்சேன். ஆம்பளைங்க இருந்தாங்க, விட்டுட்டேன்.'

மார் வலி இருந்தது. நாலு நாளாக.

"ஏமாத்துக்காரி!" சீட்டைப் பிடுங்கிப் படித்த தேவிப்ரியா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தாள்.

"பஸ் ஸ்டாண்டு கடை. கேட்டேன், குடுத்துட்டான். ஒரு கேள்வி இல்ல. அதான் கடை! இந்தா, போடு."

ஒரு கையில் மாத்திரை, ஒரு கையில் தண்ணி.

"காலையில பார்த்துட்டுப் போடறேன் அண்ணி."

"மூணு நாள் முன்னாடி போட்டாத்தான் கேக்கும். பத்திரிகை அடிச்சாச்சு. 'உன் தம்பி வீட்டுல சீர் தூக்க ஆளில்லையா'ன்னு என் மாமியார் என்னைத்தான் குத்துவாங்க. மறுபடியும் ஊரே சிரிக்கணுமா?"

அபிநயா மாத்திரையை வாய்வரைக்கும் கொண்டுபோனாள். திருப்பி அட்டை மேலேயே வைத்தாள்.

"ஒரே ஒரு ராத்திரி அண்ணி."

இந்த ரெண்டு வருஷத்தில் அண்ணி பேச்சுக்கு அவள் மறுபேச்சுப் பேசியதே இல்லை.

காலையில் பாத்ரூமுக்குள் கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு கோடு வந்தது. இன்னொண்ணு வரவில்லை.

விடிந்ததுமே மாத்திரையும் தண்ணியுமாக வந்து நின்ற தேவிப்ரியா கதவைத் தட்டினாள். "என்னடி, ஒண்ணுதானே? நான் சொன்னேன் இல்ல! வா வெளிய."

அபிநயா கதவைத் திறந்து கார்டை நீட்டினாள். தேவிப்ரியா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். அப்படித் திருப்பினாள், இப்படித் திருப்பினாள்.

"ஏய் அபி... இதோ, மங்கலா... இது என்னடி?"

அபிநயாவும் எட்டிப் பார்த்தாள். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு.

"அண்ணாமலையாரே!"

அபிநயாவுக்குக் கொண்டுவந்த தண்ணியைத் தேவிப்ரியாவே மடமடவென்று குடித்தாள். மாத்திரை அட்டையை எங்கே ஒளித்தாளோ, அப்புறம் கண்ணில் படவே இல்லை. இந்த முறை யாருக்கும் போன் போடவும் இல்லை.

வியாழக்கிழமை வந்தது. வர வேண்டியது வரவில்லை. வெள்ளிக்கிழமை அபிநயா சீர்த்தட்டு தூக்கினாள். சனிக்கிழமை ரெண்டாவது கார்டில் கோடு நல்லாவே விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் காதுகுத்துப் பலகாரத்தோடு மருந்துக்கடைக்குப் போனார்கள்.

"உங்களைத் தப்பா பேசிட்டேங்க," என்றாள் தேவிப்ரியா. "அன்னிக்கே வேற கடையில வாங்கிட்டேன். அவன் ஒண்ணுமே கேக்காம குடுத்துட்டான். இவ மட்டும் போட்டிருந்தா..."

திரௌபதி பலகாரப் பொட்டலத்தை வாங்கி மேசைமேல் வைத்தாள்.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி எங்க வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நானும் வயித்துல இருந்தது தெரியாம இந்த மாத்திரைதான் வாங்கினேன்மா. என்கிட்டயும் யாரும் ஒரு கேள்வி கேக்கல."