நாலாவது போன்

பெட்டியின் மூடியைப் பிடித்தபடி இரண்டு பேர் நின்றார்கள். ததேயுஸ் மூட விடவில்லை.

"முதல்ல பயலுவளுக்குத் தெரியட்டும்," என்றார்.

பெட்டிக்குள் இருந்தது அவர் மனைவி வியாகுலம்மாள். பயல்கள் மூன்று பேர்: துபாய், தோஹா, மெல்பர்ன். மூவருக்கும் லீவு கிடைக்கவில்லை. நெட் கிடைத்தது.

கோட்டாறில் லைவ் காட்டுவதற்கு ஷிபு இருந்தான். என்ஜினீயரிங் படித்தும் ஊரிலேயே தங்கிவிட்டவன் என்பதால் ஊரில் அவனுக்கு மதிப்பில்லை. கல்யாண வீடுகளுக்காகச் சொந்தமாக ஒரு ஆப் செய்திருந்தான். (செயலி என்ற சொல் அப்போது அகராதிக்காரர்களிடம் மட்டும் புழங்கியது.) கடை வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தான்: 'உங்கள் வீட்டு விசேஷம், உலகின் எந்த மூலையிலும், எந்த போனிலும்.'

அடக்கமும் விசேஷம்தான் என்று முதலில் கண்டுபிடித்தவர் ததேயுஸ்.

பெட்டியின் தலைமாட்டில் கேமரா. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் சோதித்துப் பார்க்க நாலு போன்: ஆண்ட்ராய்டு, ஐபோன், பிளாக்பெரி, பிறகு ஒரு பட்டன் போன். ஒரே ஆப்பை ஷிபு நாலு தடவை எழுத வேண்டியிருந்தது. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றுக்குப் புரியாது, கூடப்பிறந்தவர்களைப்போல.

துபாய்க்காரன் கூப்பிட்டான். "அப்பா, இதுல அம்மா எழும்பி நிக்குத மாதிரி தெரியுது."

ஷிபு படத்தைத் திருப்பினான். அம்மா படுத்தாள்.

அடுத்து மெல்பர்ன். "முகம் ரெண்டு பக்கமும் இழுத்துட்டு நிக்கு. அம்மா இவ்வளவு குண்டு இல்லியே?"

"நீ அவளைப் பாத்து எத்தன வருசம் ஆச்சு மக்கா?" என்றார் அல்போன்ஸ். வியாகுலம்மாளின் தம்பி அவர்.

தோஹாக்காரனுக்குப் படம் சரியாக வந்தது. ஆனால் அடியில் 'மணமக்களை வாழ்த்த இங்கே அழுத்தவும்' என்றொரு பொத்தானும் வந்தது. அவன் அழுத்திவிட்டான். அவன் திரையில் அம்மாமேல் ரோஜா இதழ்கள் கொட்டின.

பங்குச்சாமியார் செபப் புத்தகத்தை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்.

"அத்தான், வெயிலு தாழுது," என்றார் அல்போன்ஸ். "எனக்க அக்காளை இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடி காட்டிக்கிட்டு இருப்பிய?"

"மூணு பேருக்கும் சரியாச்சு," என்றான் ஷிபு.

மூடியைத் தூக்கினார்கள்.

"நில்லுங்கோ," என்றான் ஷிபு. "இன்னும் ஒரு போன் இருக்கு."

எல்லாரும் நாற்காலியைப் பார்த்தார்கள். பட்டன் போனின் திரை தீப்பெட்டி அகலம்தான் இருந்தது.

"ஏலே, இதுல எவன்லே பாக்கப் போறான்?"

"எல்லா போனிலயும் தெரியணும் அண்ணாச்சி. இதுல வீடியோ ஓடாது. படம் படமாட்டுத்தான் அனுப்பணும். கொஞ்ச நேரம்."

"உனக்க பிளெக்ஸு பொய்யாவப்பிடாது. அதுக்கு எனக்க அக்கா காத்துக் கிடக்கணும். அப்பிடித்தானே?"

"எழவு வீட்டுல விளம்பரம்," என்றது ஒரு குரல்.

"அந்த மனுசனும் பாத்துக்கிட்டு நிக்காரே," என்றாள் பந்தலின் ஓரத்தில் ஒருத்தி. "காலம்பற ஜின்சி வந்து அழுதப்ப இந்தப் பொறுமை எங்க போச்சு?"

ஜின்சி ததேயுஸின் ஒரே மகள். மயிலாடியில் சிலை கொத்தும் ஒருவனைக் கட்டிக்கொண்டவள். அவன் சர்ச்சுக்கு அல்ல, சாமி கோயிலுக்குப் போகிறவன். இனி அவள் தன் வாசல் மிதிக்கக் கூடாது என்று ததேயுஸ் நாலு பேர் முன்னிலையில் சொல்லியிருந்தார். இன்று காலை அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அதையே சொன்னார். சொன்ன சொல் மாறாதவர் என்று கோட்டாறு பஜாரில் அவருக்குப் பெயர். கருவாட்டு வியாபாரத்தில் அது பெரிய முதல்.

ஷிபு கேமராவைக் கீழே இறக்கினான். சின்னத் திரையில் பூ, மெழுகுதிரி, சிலுவை எல்லாம் அடங்காது. முகம் மட்டும் போதும். படத்தை அனுப்பிவிட்டுத் தன் போனைக் காதில் வைத்தான்.

"இப்ப தெரியுதா?"

கேட்டுக்கொண்டான். பிறகு ததேயுஸைப் பார்த்து, "கலங்கலாட்டு இருக்காம்," என்றான்.

"திருப்பி அனுப்பு," என்றார் ததேயுஸ்.

இன்னொரு படம் போனது.

"இப்ப?"

தலையை ஆட்டினான். இல்லை.

"திருப்பி அனுப்புலே."

மூடியைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். அல்போன்ஸ் எட்டி ஷிபுவின் காதிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"யாருவே அது? இங்க ஒருத்தி செத்துக் கிடக்கா. உமக்குத் தெளிவாட்டு படம் வேணுமோ? போனை வச்சிட்டு..."

பாதியில் நிறுத்தினார். கேட்டார். குரல் இறங்கியது.

"ஏட்டி, ஜின்சியா? மயிலாடியில இருந்தா பேசுக?"

ததேயுஸ் மனைவியின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இல்ல மாமா. இங்க தெருமுக்குலதான், ஆட்டோவுல இருக்கேன். அப்பாதான் ஷிபுகிட்ட இந்த போனைக் குடுத்து விட்டாரு. அம்மா முகம் சரியா தெரியல்ல. கொஞ்சம் கிட்ட வந்தா தெளியுமாண்ணு அப்பாகிட்ட கேளுங்களேன்."