கடிவாய்

ஆறாவது கோழியையும் புரட்டிப் பார்த்தாள்.

கழுத்தில் ஒன்றுமில்லை.

ஒரு சின்ன ஓட்டை இருந்திருந்தால் போதும், கீரி என்று சொல்லிவிடலாம். கீரி கழுத்தைக் கடித்து ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போய்விடும். தலை இல்லாமல் கிடந்தால் மரநாய். காட்டுப்பூனை என்றால் உடம்பே கிடைக்காது, இறகுதான் மிஞ்சும்.

ஆறும் முழுசாகக் கிடந்தன. முதுகிலும் தொடையிலும் கடி. அகலமான கடி. பசிக்குச் செய்த வேலை இல்லை இது. துரத்தித் துரத்திக் கடித்து, உதறி, போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கிறது.

சாமி, ஒரே ஒரு ஓட்டை.

மறுபடியும் முதல் கோழியிலிருந்து பார்த்தாள். இறகை ஊதி ஊதிப் பார்த்தாள். இல்லை.

நாய்தான்.

அந்தத் தெருவில் எந்தக் கோழி செத்தாலும் அவளுக்குத்தான் ஆள் வரும். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கடிவாயைப் பார்த்து, இன்னதுதான் என்பாள். டாக்டர்கூட அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டார். அவள் சொன்னால் தெருவே தலையாட்டும்.

மாசி மாதம் இப்படித்தான் பார்த்துவிட்டு, நாய் என்றாள். யார் வீட்டு நாய் என்றும் சொன்னாள். கோழி ருசி கண்ட நாயை அங்கே விட்டுவைப்பதில்லை. மத்தியானத்துக்குள் அடித்துப் போட்டுவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

இப்போது எழுந்து சுவரை எட்டிப் பார்த்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம், அவள் வீட்டுக் கொல்லையில், அவளுடைய நாய் சடையன் படுத்துக் கிடந்தது. கழுத்தில் அறுந்த கயிறு. விடிந்ததும் போய்ப் பார்த்தபோது வாலை ஆட்டவில்லை. முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதே அவளுக்குத் திக்கென்றது.

சடையன் இல்லாவிட்டால் அவள் புருஷன் உள்ளே வருவான்.

விஷயம் இவ்வளவுதான்.

ஒரே ஒரு பையோடு அவனிடமிருந்து ஓடிவந்து இரண்டு வருஷம். மூன்று தடவை தேடி வந்தான். முதல் தடவை அவள் கை உடைந்தது. அடுத்த தடவை இடது காது போயிற்று. மூன்றாம் தடவை சடையன் இருந்தது. கெண்டைக்காலில் ஒரு வாய் சதையைக் கொடுத்துவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பினான். இப்போதும் ஊருக்கு வருகிறான். டீக்கடையோடு நின்றுகொள்கிறான்.

"அந்த நாய் எத்தன நாளைக்கு இருந்துரும்?" என்று போன வாரம் கேட்டானாம்.

கோழிக்குச் சொந்தக்காரி, பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி, எட்டு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள். தங்கச்சி பிள்ளைக்குக் காதுகுத்து. "சாயங்காலம் கோழிய மட்டும் அடைச்சு விட்டுருங்கக்கா, ஒங்கள நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளும் ஒழுங்காகத்தான் அடைத்தாள். ஏழு கோழி. எண்ணித்தான் அடைத்தாள். ராத்திரி கூட்டுப் படல் சரிந்திருக்கிறது.

உண்மையைச் சொன்னால் செல்லக்கிளி மன்னித்தாலும் மன்னிப்பாள். ஊருக்கு வந்த அன்றைக்கு முதலில் சோறு போட்டவள் அவள்தான். தெரு மன்னிக்காது. மாசி மாதம் நாயைப் பறிகொடுத்தவர்கள் தடியோடு முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

மணி ஏழு நாற்பது.

அரிவாளை எடுத்தாள்.

வைத்துவிட்டாள். அரிவாள் வெட்டு நேராக விழும். மரநாய் நேராகக் கடிக்காது.

கையால் திருகினாள்.

முதல் கோழிக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலாவதுக்கு வந்தபோது பார்த்துக்கொண்டே செய்தாள். தலைகளை உரச்சாக்கில் சுருட்டி எருக்குழிக்குள் அழுத்தினாள். தலை இல்லாத கோழியின் முதுகை யாரும் பார்க்க மாட்டார்கள். ஒன்று காணாமல் போனதும் நல்லதுக்குத்தான். மரநாய் தூக்கிப் போயிற்று என்றால் நம்புவார்கள்.

கையைக் கழுவினாள்.

விறகுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

ஏழாவது கோழி. செல்லக்கிளி மடியிலேயே வைத்து வளர்த்த வெள்ளைக்கோழி. முதுகில் இறகு பிய்ந்து, ஒரு சிறகு தொங்க, கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.

பிழைத்துக்கொள்ளும்.

கடியைப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. மஞ்சள் அரைத்துப் போட்டால் பத்து நாளில் மேயப் போய்விடும்.

மஞ்சள் போட செல்லக்கிளி இறகை விலக்குவாள்.

பாலத்துப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

ஓடிப் பிடிக்கப் போனால் கத்தும். தெரு கூடிவிடும்.

குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒன்றுமில்லாத உள்ளங்கையை நீட்டினாள்.

"பா... பா... பா..."

தெரிந்த குரல். நொண்டி நொண்டி வந்தது.

*

செல்லக்கிளி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"தலைய மட்டும் தின்னுருக்கு. மரநாய்தானக்கா?"

அவள் தலையாட்டினாள். 

செல்லக்கிளி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தாள். விறைத்துக் கிடந்தவற்றைப் பிள்ளையைக் கிடத்துவது போலக் கிடத்தினாள். கடைசியாக வெள்ளைக்கோழியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தடவினாள். தடவிய கை நின்றது.

நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"யக்கா, இது இன்னும் சூடா இருக்கு."