புது பல்பு

“கண்ணு மஞ்சளாகி எத்தனை நாளாச்சும்மா?”

“நாலே நாள்தான் டாக்டர். ஞாயித்துக்கிழமை பல் தேய்க்கும்போது கண்ணாடியில பாத்தேன். பக்குன்னு ஆயிடுச்சு.”

பதில் சொன்ன அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் கணவர். முப்பது வருடமாக ஃபோட்டோ ஸ்டூடியோ நடத்துகிற மனிதர். யாரைப் பார்த்தாலும் “தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க” என்று சொல்லிப் பழகியவர், இன்று தன் தலையை நிமிர்த்தாமல் ஸ்கேன் கவரின் ஓரத்தை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தார்.

டாக்டர் கவரை வாங்கி, உள்ளே இருந்த அறிக்கையை இரண்டு முறை படித்தார். பெரிய பேச்சுக்காரர் இல்லை அவர். அளந்துதான் பேசுவார்.

“பித்தநீர்க் குழாய் வீங்கியிருக்கு. கீழே எங்கேயோ அடைப்பு. அந்த இடத்தைக் குடல்ல இருக்கிற காத்து மறைச்சிட்டதால படத்துல தெரியல. வலி இருந்துதா?”

“துளிகூட இல்ல.”

“அரிப்பு?”

“அது இருக்கு. சோப்பு மாத்தினேன், அதனாலதான்னு விட்டுட்டேன்.”

“எடை குறைஞ்சிருக்கா?”

“குறைஞ்சா சந்தோஷம்தானே டாக்டர்! நானா குறைக்கப் பாத்தப்போ ஒரு கிலோகூட இறங்கல.”

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“மறைக்காம சொல்லிடறேன். ஒரு கல் வந்து குழாயை அடைச்சிருக்கலாம். அதுன்னா திடீர்னு மஞ்சளாகும். வாய் வழியா கேமராக் குழாயை விட்டு எடுத்துட்டா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம். இல்லன்னா கணையத்தோட தலைப்பக்கத்துல ஒரு கட்டி இருக்கலாம். அது வலிக்காது, சத்தம் போடாது, வாரக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா மஞ்சளாக்கும். அதுவா இருந்தா முதல்ல பெரிய ஸ்கேன் எடுத்து, ஆபரேஷன் பண்ண முடியுமான்னு பாக்கணும். அவசரப்பட்டுக் குழாயை விட்டுட்டா, அப்புறம் எடுக்கிற ஸ்கேன் தெளிவா விழாது. அதனாலதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன். நிஜமாவே நாலு நாள்தானா?”

‘கட்டி’ என்ற சொல் ஸ்டூடியோக்காரரின் காதுக்குள் போனது, வெளியே வரவில்லை.

அம்மாள் அசரவில்லை. கைப்பையைத் துழாவி செல்போனை எடுத்தாள்.

“என் பேச்சை நம்ப வேண்டாம் டாக்டர், இதைப் பாருங்க. இது எங்க கல்யாண நாளன்னிக்கு எடுத்தது, அஞ்சு வாரம் ஆச்சு. இது பாஸ்போர்ட்டுக்கு. இது பேத்தியை மடியில வச்சுக்கிட்டு, போன வாரம். எல்லாம் இவரே எடுத்தது. எங்கேயாவது மஞ்சள் இருக்கா?”

டாக்டர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கண் மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி வெள்ளை. அடுத்த படத்தையும் பெரிதாக்கினார், அதற்கடுத்ததையும்.

“சுத்தமா இருக்கே” என்றார். குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இளகியது.

அவ்வளவுதான், அம்மாளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

“இவர் கண்ணுல எதுவும் தப்பாது டாக்டர். மூக்குல ஒரு பரு இருந்தாக்கூட நமக்கு முன்னாடி இவருக்குத் தெரிஞ்சிடும். ஆனா ஒரு படத்தைக் கையில குடுக்க ஒரு வாரம் இழுத்தடிப்பார். போன மாசம் பாருங்க, ‘லைட்டு மஞ்சள் அடிக்குது’ன்னு ஸ்டூடியோவுல இருந்த பல்பையெல்லாம் மாத்தினார். அதோட விட்டாரா? வீட்டுக்கு வந்து சமையலறை பல்பையும் கழட்டிட்டார். குழம்பு கொதிக்குது, நான் இருட்டுல நிக்கறேன்!”

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அப்ப திடீர்னு வந்ததுதான். கல்லா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட வந்துடுங்கம்மா, குழாய் விட்டுப் பாத்துடலாம்” என்று சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

அம்மாள் பெருமூச்சு விட்டாள். நான்கு நாளாக அவள் அடக்கிவைத்திருந்த மூச்சு அது. கணவரின் கையைப் பிடித்து அழுத்தி, “நான் சொல்லல? நீங்கதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டிருந்தீங்க” என்றாள்.

அந்தக் கை சில்லென்று இருந்தது. அவருக்கும் அவள் முகத்தில் வந்த அந்தச் சிரிப்பு அப்படியே இருக்கட்டும் என்றுதான் ஆசை. இந்த முகத்தைக் கோணல்மாணலாக ஒருநாளும் அவர் பார்க்கப் பொறுத்ததில்லை. வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டால், இன்று ஒரு ராத்திரியாவது அவள் நிம்மதியாகத் தூங்குவாள். யாரும் அவரைக் கேட்கப் போவதில்லை.

டாக்டரின் பேனா தாளைத் தொட்டது.

“எழுதாதீங்க டாக்டர்.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஸ்டூடியோக்காரர் மனைவியின் கையை விடாமல், அவள் முகத்தை மட்டும் பார்க்காமல் பேசினார்.

“பல்பு மேல ஒரு தப்பும் இல்ல. அதை மாத்தின பிறகும் ஒவ்வொரு படத்துலயும் இவ கண்ணு மஞ்சளாத்தான் விழுந்துது. நான்தான் கம்ப்யூட்டர்ல உக்காந்து, ஒவ்வொண்ணையும் வெள்ளையாக்கினேன்.”