பட்டியலில் பதினோரு பேர்

"ஓடிப்போன உங்க மகன் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே ரூஃபஸ் அந்த முடிவெட்டும் கடைக்குள் நுழைந்தார். அவர் கையில் ஒரு பட்டியல் கசங்கிக் கிடந்தது.

கடைக்காரர் ஹோரஸ் மெஷினை நிறுத்தவில்லை. நாற்காலியில் இருந்த கிழவர்தான் துணிக்குள்ளிருந்து தலையைத் திருப்பினார்.

"யாருப்பா, போலீஸா?"

"இல்லை. பக்கத்துல இருக்கிற ரெண்டு வருஷ கம்யூனிட்டி காலேஜ்."

"போலீஸ்கூட முதல்ல பேரைக் கேப்பான்."

ரூஃபஸுக்குச் சிரிப்பு வரவில்லை. கறுப்பின ஆண்கள் படிப்பை விட்டுவிடாமல் தாங்கிப் பிடிக்கும் திட்டத்துக்கு அவர் பொறுப்பேற்று இரண்டே மாதம் ஆகிறது. இருபது பேரில் பதினோரு பேர் பட்டம் வாங்கவில்லை. நான்கு மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது. தகுந்த பதில் இல்லையென்றால் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். மணி இரண்டரை.

"பஸ் பாஸ் கொடுத்தோம். புத்தகம் கொடுத்தோம். புதன்கிழமை ஆனா சாப்பாடு போட்டு, பக்கத்துல உக்காந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தோம். இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்க முடியலையா உங்க டவாரிஸுக்கு?"

"அண்ணே, என்னைக் கொஞ்சம் பேச விட்டா..." என்று இழுத்தார் ஹோரஸ்.

"பேசுறதுக்கு என்ன இருக்கு? ஒருத்தனும் போனை எடுக்கல. பதினோரு பேரும் பேசி வச்சுக்கிட்டுப் போயிருக்கானுங்க."

"ஆமா, பேசி வச்சுக்கிட்டுத்தான் போனாங்க. ஒரே வேன். அன்னிக்குக் கடையை அடைச்சிட்டுப் பதினோரு தலைக்கும் காசு வாங்காம நான்தான் வெட்டிவிட்டேன்."

"ஓடிப்போறவனுக்கு அலங்காரம் வேறயா?" ரூஃபஸ் பட்டியலைக் கண்ணாடி மேடைமேல் அறைந்தார். சீப்புகள் சிதறின. "அடுத்து இந்தத் திட்டத்துல சேர இருக்கிற நாப்பது பேருக்கும் கதவைச் சாத்திட்டுப் போயிருக்கானுங்க. 'உங்க ஆளுங்களே இப்படித்தான்'னு அந்தக் குழு சொல்லாமச் சொல்லும். நான் கையைக் கட்டிக்கிட்டுக் கேக்கணும்."

மெஷின் நின்றது. ஹோரஸின் முகம் இறுகிவிட்டது.

"'உங்க ஆளுங்க.' அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிட்டீங்க, இல்ல? அவங்க ஓடிட்டாங்கன்னு யார் சொன்னது?"

"காலேஜ் பட்டியல்."

"அதுல ஓடிட்டாங்கன்னா எழுதியிருக்கு? படிங்க."

ரூஃபஸ் காகிதத்தை நீவினார். "'பட்டம் பெறவில்லை'ன்னு இருக்கு."

"அது உண்மைதான்" என்றார் ஹோரஸ். "உங்க ரெண்டு வருஷப் பட்டம் வாங்குறதுக்கு முன்னாடியே பதினோரு பேருக்கும் பெரிய யுனிவர்சிட்டியில இடம் கிடைச்சிருச்சு. மேல படிக்கத்தான் போயிருக்காங்க."