உச்சியில் ஏறிய நீலப்பெட்டி

அநியாயம் நடந்தது சிவப்புக் கன்டெய்னருக்குத்தான். துறைமுகத்துக்கு முதல் ஆளாக வந்து நின்றவளைக் கப்பலில் அடுக்கின் அடியில் வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் வந்த நீலப்பெட்டியை உச்சியில் ஏற்றிவிட்டார்கள்.

சிவப்புக்கு உள்ளே வயிறு முட்டக் கிரானைட் பலகைகள். தலைமேல் ஏழெட்டுப் பெட்டிகள். சுற்றிலும் இருட்டும் டீசல் நாற்றமும். மேலேயோ வெயில், காற்று, துள்ளி விளையாடும் டால்பின்கள். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடுக்கடலில் ஒருநாள் கத்தியே விட்டாள். “ஏண்டி நீலம், உனக்கு யாருடி சிபாரிசு?”

“யாருமில்லை அக்கா.”

“புளுகாதே! முதலில் வந்தவள் நான். முதுகொடியச் சுமப்பவளும் நான். உச்சாணிக் கொம்பில் மட்டும் நீயா? இது எந்த ஊர் நியாயம்? அப்படி என்னதான் வைத்திருக்கிறாய் உள்ளே? தங்கமா, வைரமா?”

காற்று மோதும்போதெல்லாம் நீலத்தின் உடம்பு தகர டப்பாவாக அதிர்ந்தது. அவள் மெல்லச் சொன்னாள்:

“ஒன்றுமே இல்லை அக்கா. சரக்கு கிடைக்காமல் காலியாகத்தான் திரும்பிப் போகிறேன். கொஞ்சம் கனம் இருந்திருந்தால் என்னையும் உங்கள் பக்கத்தில்தான் வைத்திருப்பார்கள்.”